பட்டம் பெற்றவர் பிரசவ அறைக்குத் திரும்புவாரா?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தெலங்கானாவில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 61 சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. தமிழ்நாடே 45-ஐ ஒட்டி நிற்பதால் தெலங்கானாவைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்கில்லை. முகூர்த்தம் பார்த்து நாள் குறிக்கும் குடும்பம், வலிக்கு அஞ்சும் பெண், காத்திருக்க நேரமில்லாத தனியார் மருத்துவமனை என்று காரணங்கள் பல. இதற்கு மாற்றுத் தேடியதும் தெலங்கானாவின் தலைநகர் ஐதராபாத்துதான். மகப்பேறு மருத்துவர் எவிட்டா ஃபெர்னாண்டஸின் முனைப்பால் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011-இல் செவிலியர்களைத் தொழில்முறை மருத்துவச்சிகளாகப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. 2017-இல் தெலங்கானா அரசும் யுனிசெஃப்பும் கைகோத்து அரசுச் செவிலியர்களுக்குக் கரீம்நகரில் பயிற்சி தந்தன. 2018 டிசம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வெளியிட்டது. 18 மாதப் பயிற்சி முடித்தவர், மருத்துவச்சி தலைமையில் இயங்கும் பிரிவில் சிக்கலற்ற பிரசவங்களைத் தாமே பார்க்கலாம் என்பது அதன் சாரம்.

அதற்கு மேல் படிக்க விரும்பும் மருத்துவச்சிக்கு என்ன வழி? நம் நாட்டில் முனைவர் பட்டம் செவிலியத்தில்தான். பி.எஸ்சி. நர்சிங், பிறகு மகப்பேறு – மகளிர் நலச் செவிலியத்தில் எம்.எஸ்சி., அதன்பின் பிஎச்.டி. என்று படி ஏற வேண்டும். சென்னை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேரலாம். இந்திய நர்சிங் கவுன்சில் அமைத்த தேசியக் கூட்டமைப்பின் வழியாகவும் சேரலாம். 2022 யுஜிசி விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். இத்தனை உழைப்பு தேவைதானா?

தேவை என்பதற்கு வலுவான சான்று 1984-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. பிரசவத்தின்போது பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவது அன்று பரவலான வழக்கம். ஜெனிஃபர் ஸ்லீப் என்ற மருத்துவச்சி, ரெடிங் நகர மருத்துவமனையில் ஆயிரம் பெண்களை இரு பிரிவாக்கி அந்த வழக்கத்தைச் சோதித்தார். வெட்டைக் கூடியவரை தவிர்க்கச் சொன்ன பிரிவில் 10 விழுக்காட்டினருக்கும், தாராளமாக அனுமதித்த பிரிவில் 51 விழுக்காட்டினருக்கும் வெட்டு நேர்ந்தது. தாயின் வலியிலும் குழந்தையின் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாள்தோறும் தையல் போட்ட கைக்கே 'இது எதற்கு?' என்ற கேள்வி தோன்றியது. அதை முறையாகக் கேட்க ஆய்வுப் பயிற்சி வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் அவசரமானது. மருத்துவச்சிகளின் தொடர் பராமரிப்பு பற்றிய 2016 காக்ரேன் தொகுப்பாய்வு 15 ஆய்வுகளையும் 17,674 பெண்களையும் உள்ளடக்கியது. கருவி வைத்துக் குழந்தையை எடுக்கும் பிரசவமும் பிறப்புவாய் வெட்டும் குறைந்தன என்றது. சிசேரியனில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்றும் சொன்னது. சேர்க்கப்பட்ட ஆய்வுகள் அனைத்தும் வளர்ந்த நாடுகளில் நடந்தவை. நாமோ அந்தச் சான்றை நம்பித்தான் சிசேரியனைக் குறைக்க மருத்துவச்சிகளை நியமிக்கிறோம். ஐதராபாத்தின் சுல்தான் பஜார், பேட்லபுர்ஜ் போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனைகளின் நெரிசலில் இது பலிக்குமா? முதல் குழந்தை சிசேரியனில் பிறந்த பெண்ணுக்கு இரண்டாவது சுகப்பிரசவம் ஆக என்ன ஏற்பாடு வேண்டும்? முகூர்த்தம் கேட்கும் மாமியாரிடம் எப்போது, எப்படிப் பேசினால் எடுபடும்? லண்டனில் இருந்து இவற்றுக்குப் பதில் வராது. தெலங்கானாவிலேயே ஆராய வேண்டும். பிரசவம் பார்த்தவரே ஆராய்ந்தால் கேள்வி குறிதவறாது.

நடப்பு முனைவர் படிப்பு இந்தக் கேள்விகளின் பக்கம் அதிகம் போவதில்லை என்பதுதான் குறை. செவிலியக் கல்லூரி ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு அந்த அச்சு பழகியிருக்கும். முப்பது கேள்வி கொண்ட தாளைக் கர்ப்பிணிகளிடம் கொடுப்பார்கள். படம் காட்டி அரைமணி நேரம் பாடம் நடத்துவார்கள். ஒரு வாரம் கழித்து அதே தாள். மதிப்பெண் ஏறியிருக்கும், ஏறாமல் என்ன செய்யும்? பி மதிப்பு 0.05-க்குக் கீழே, ஆகவே பாடம் பயனுள்ளது என்று முடிவுரை எழுதப்படும். பாடம் கேட்டவர் பிரசவ நேரத்தில் என்ன செய்தார், அவரை என்ன செய்யவிட்டார்கள் என்பது பெரும்பாலும் ஆய்வுக்குள் வராது. முதுகலையில் பழகிய இந்த அச்சு முனைவர் பட்டத்திலும் தொடர்கிறது. மாதிரி எண்ணிக்கை கூடுகிறது, கேள்வி வளர்வதில்லை.

அடுத்த குறை, பட்டம் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது. முனைவர் பட்டத்துக்கு மதிப்பு கல்லூரியில்தான்: பேராசிரியர், துறைத்தலைவர், முதல்வர். மருத்துவமனையில் அதற்கென்று பதவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆகவே படிக்கப் படிக்கப் பிரசவ அறையிலிருந்து விலக வேண்டியிருக்கிறது. மருத்துவச்சியின் வேலையோ கைப்பழக்கம் சார்ந்தது. வலி கண்ட பெண்ணின் வயிற்றில் கைவைத்துப் பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்டுப் பார்ட்டோகிராஃப் என்ற பிரசவ முன்னேற்றத் தாளில் குறிக்க வேண்டும். இதை ஐந்தாறு ஆண்டு விட்டவர், நேற்றுவரை செய்தவர்போல மாணவிக்குக் கற்றுத்தர முடியாது. மறுபக்கம், 18 மாதப் பயிற்சி பெற்று நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்தவருக்கு அந்தப் பட்டயம் முனைவர் படிப்பின் வாசலைத் திறப்பதில்லை. எம்.எஸ்சி. இல்லையென்றால் வெளியேதான் நிற்க வேண்டும். அனுபவம் ஒரு பாதையிலும் ஆய்வு வேறொரு பாதையிலும் போனால் இரண்டுக்கும் நட்டம்.

அப்படியானால் எல்லாரையும் முனைவராக்கிவிடலாமா? அதுவும் தவறு. அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம், உயர்நிலைச் செவிலியப் பணிக்கான படிப்பை 2015-க்குள் முனைவர் நிலைக்கு உயர்த்த வேண்டும் என்று 2004-இல் தீர்மானித்தது. ஆனால் அந்நாட்டு மருத்துவச்சிகளின் அமைப்பு, பணியில் நுழைய முனைவர் பட்டம் கட்டாயம் என்பதை ஏற்கவில்லை. முதுகலைப் பட்டத்தோடு அங்கே இன்றும் பணியில் சேரலாம். ஆள் பற்றாக்குறை உள்ள நம் நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். வார்டில் ஆயிரம் மருத்துவச்சிகள் வேண்டிய இடத்தில் பத்து முனைவர்கள் போதும். அந்தப் பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதே முக்கியம்.

1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. விதிகளைத் திருத்த இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. மருத்துவச்சிப் பணிக்கெனத் தனி முனைவர் பட்டம் வரட்டும். 18 மாதப் பயிற்சியும் பணி அனுபவமும் அதற்கான தகுதியில் கணக்கிடப்படட்டும். ஆய்வுக் காலம் முழுவதும் வாரத்தில் சில நாளாவது பிரசவ அறைப் பணி கட்டாயமாகட்டும். பட்டம் பெற்றபின் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் பொதுவான பதவி கிடைக்கட்டும். இவை இல்லாமல் தரப்படும் முனைவர் பட்டம் கல்லூரிப் பெயர்ப்பலகைக்கு உதவும். பிள்ளை பெறும் பெண்ணுக்கு உதவாது.