துடைப்பத்துக்குப் பின்னால் வரும் கேமரா

கொடைக்கானல் தெருவையும் பூங்காவையும் எடுத்த படங்களைப் பாருங்கள். 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் வெட்டிய ஏரியாம்; ஒரு கூடை மண்ணாவது சுமந்திருப்பாரா? கோக்கர்ஸ் வாக், 1908இல் வந்த பிரையண்ட் பூங்கா என்று எங்கும் துரைமார் பெயர்தான். மோட்டார் ரோடு வருமுன் அவர்களை டோலியில் தூக்கி மலையேற்றிய தோள்களுக்குப் பெயரில்லை.

'அன்றாடத்தை எடுத்தோம்' என்கிறார்கள். யாருடைய அன்றாடம்? விடியுமுன் பனியில் குனிந்து கூட்டுகிற நம் சனங்கள் போன பிறகுதான் கேமரா வருகிறது. படத்தில் தெரு பளிச்சென்று கிடக்கிறது. அது அவர்கள் உழைப்பு. ஆளை மட்டும் காணோம். அதற்குப் பேர் அழகு!

அவர்களைப் பரிதாபமாகப் படம்பிடித்துச் சுவரில் மாட்டினாலும் கணக்குத் தீராது. கூட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள் கைக்குக் கேமரா போகட்டும். அப்போது தெரியும் இந்த ஊரின் முகம்.