ககாக்கு: மாறாத இசையா?

ஜப்பான் அரண்மனை இசையான ககாக்குவை, 'ஆயிரம் வருஷமா மாறாத சீனத் தாங் இசை'ன்னு அறிமுகம் செய்வாங்க. எனக்கு உடன்பாடில்லை.

நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் ஐந்து தந்தி பிவா ஒன்று இருக்கிறது. 756-ல் பேரரசி கோம்யோ தோதாய்ஜி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து பிவா மீட்டும் ஓர் உருவத்தை அதில் சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். பட்டுப்பாதையின் முத்திரை!

கருவி அப்படியே இருக்கு. ஆனா இசை?

அன்று விறுவிறுவென ஓடிய மெட்டுகள் பல மடங்கு மெதுவாகிவிட்டன என்று, பழைய சுரக்குறிப்புகளை ஆராய்ந்த லாரன்ஸ் பிக்கன் வாதிட்டார். இன்று மெட்டாகக் காதில் விழும் ஹிச்சிரிக்கி குழலின் நெளிவுகள் பின்னால் வளர்ந்தவை. மூல மெட்டு பிவாவின் நிதானமான சுரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதில் குறையொன்றும் இல்லை. 'மாறாதது'ன்னு புகழ்ந்தா, அதைத் தலைமுறை தலைமுறையா வேறொன்றாக வளர்த்த ஜப்பானியக் கலைஞர்களைத்தான் மறக்கிறோம்.