குரல் வேண்டாம், கயிறு போதும்

ஸ்காட்லாந்துத் தபால்காரர் நேதன் எவன்ஸ் கைப்பேசியில் பாடிய 'வெல்லர்மேன்' 2021 ஜனவரியில் உலகெங்கும் கல்லூரிப் பிள்ளைகளின் வாயில் புகுந்தது. கறாராகச் சொன்னால் அது கப்பல் வேலையின்போது பாடும் வேலைப்பாட்டே அல்ல, நியூசிலாந்துத் திமிங்கில வேட்டையைச் சொல்லும் கதைப்பாட்டு. போகட்டும், மாணவரிடம் கடல் பாட்டுக்குக் கதவு திறந்தது.

பாய்மரக் கப்பலின் உண்மையான வேலைப்பாட்டு, 'ஷான்ட்டி', வேறு ரகம். பாயை ஏற்றும்போது ஒருவர் ஓர் அடி எடுத்துக்கொடுப்பார். மற்றவர்கள் பதில் அடியில் அழுத்தம் விழும் இடத்தில் ஒன்றாகக் கயிற்றை இழுப்பார்கள். நங்கூரம் தூக்கச் சுற்றிச்சுற்றி நடக்கும் வேலைக்கு நீண்ட, நிதானமான மெட்டு. வேலை முடியும்வரை பாட்டு முடியக்கூடாது என்பதால், அடிகளை அங்கேயே கட்டுவார்கள். கேப்டனின் கஞ்சத்தனமும் கெட்டுப்போன சாப்பாடும் அதில் வரும். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்கா அடி வராது!

1929இல் உடைந்த 'கார்த்பூல்' கப்பலில் பாடிய ஸ்டான் ஹியூகில், 1961இல் இப்பாட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். நூல் அருமைதான். ஆனால் இப்பாட்டைக் கற்க வரும் மாணவர் கையில் முதலில் தரவேண்டியது அதுவல்ல. பாரம் கட்டிய ஒரு வடம். அமெரிக்காவின் மிஸ்டிக் கடல்சார் அருங்காட்சியகத்தில், 1841இல் நீரில் இறங்கிய 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்' கப்பலின் பாயைப் பாட்டோடு ஏற்றிக் காட்டுகிறார்கள். அங்கே சுருதி பிசகினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தாளம் பிசகினால்தான் வம்பு: பாய் ஏறாது.