பத்து ரூபாய் போக்கிமான்

சாமல்பட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடைகளிலும், ஊத்தங்கரை, போச்சம்பள்ளிச் சந்தைகளிலும் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சரம் தொங்குகிறது. போக்கிமான் கார்ட்டூனில் வரும் மஞ்சள் நிறப் பிக்காச்சு படம் போட்ட சின்ன உறைகள். ஒன்றைக் கிழித்தால் உள்ளே தங்க நிறத்தில் மினுங்கும் சில அட்டைகள் வரும். பெயரில் ஓர் எழுத்து குறையும், எழுத்தின் தடிமன் மாறும், பின்பக்க நீலம் வெளிறியோ ஊதாவாகவோ இருக்கும். போக்கிமான் நிறுவனம் இவற்றை அச்சிடவில்லை. பத்து ரூபாய்க்கு அசல் கிடைக்காது என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்கித் தரும் தகப்பனுக்கும் தெரியும். பிள்ளைக்கு மட்டும் சில சமயம் தெரியாது.

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சேகரிப்பு அட்டைகளின் போலி பற்றி உலகெங்கும் இருபது முப்பது ஆண்டுகளாக வாக்குவாதம் நடக்கிறது. போலி என்பது திருட்டு என்று ஒரு தரப்பு சொல்கிறது. விளையாட்டை எல்லோருக்கும் கொடுக்கும் வழி அதுதான் என்கிறது மறு தரப்பு. இரண்டு தரப்பும் தங்கள் ஊர்ச் சூழலை வைத்துப் பேசுகின்றன. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் கையில் இருக்கும் அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு வாதங்களிலும் ஓட்டை தெரிகிறது.

முதலில் அசல் என்ன என்று பார்த்துவிடலாம். போக்கிமான் அட்டை விளையாட்டு 1996 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பு 1999 தொடக்கத்தில் வந்தது. ஆளுக்கு 60 அட்டை. அடிப்படை ஆற்றல் அட்டைகளைத் தவிர ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. கையில் ஏழு, பரிசாக ஒதுக்கி வைப்பது ஆறு. முதல் தொகுப்பின் பிக்காச்சுவுக்கு உயிர்ப்புள்ளி, அதாவது எச்.பி., வெறும் 40. எல்லோரும் ஆசைப்பட்ட சாரிசார்டுக்கு 120. அந்தச் சாரிசார்டை வரைந்தவர் மிட்சுஹிரோ அரிட்டா. அவர் பெயர் அட்டையிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். அட்டையில் ஓவியர் பெயரைப் போடும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. போலிகளில் முதலில் காணாமல் போவதும் சிதைந்து போவதும் அந்தப் பெயர்தான்.

சேகரிப்பவர்களின் வாதத்துக்கு வலு உண்டு. ஓர் அட்டையின் விலை காகிதத்தில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது. 1997, 1998-ல் ஜப்பானியச் சிறுவர் இதழ் ஒன்று நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குத் தரப்பட்ட ‘பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்’ அட்டை ஒன்றை, அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கியதாக 2022-ல் அறிவித்தார். அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் கள்ளன் நுழையாமல் இருப்பானா? அதே லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து முதல் பதிப்புப் போக்கிமான் பெட்டி ஒன்றையும் வாங்கியிருந்தார். அதை அசல் என்று ஒருவர் சரிபார்த்தும் கொடுத்திருந்தார். 2022 ஜனவரியில் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு பொம்மைத் தொடரின் அட்டைகள். 2021-ல் ஷாங்காய் விமான நிலையச் சுங்கத்தில் பிடிபட்ட போலிப் போக்கிமான் அட்டைகளின் எடை 7.6 டன். இவ்வளவு பெரிய அச்சு வேலையை யாரோ பொழுதுபோக்காகச் செய்துவிட முடியாது.

ஆனால் சேகரிப்பவர்கள் ஒன்றைச் சொல்லத் தயங்குகிறார்கள். அசல் என்று முத்திரை குத்தும் அமைப்பே பல முறை சறுக்கியிருக்கிறது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை இதற்குப் பழைய உதாரணம். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991-ல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கிய அந்த அட்டைதான் பி.எஸ்.ஏ. என்ற தரச்சான்று நிறுவனம் வரிசை எண் 1 கொடுத்த அட்டை. அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தானே என்று, முன்பு அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அண்மைக் கதை இன்னும் கூர்மையானது. விளையாட்டு வெளிவருவதற்கு முந்தைய சோதனை அட்டைகள் என்று சி.ஜி.சி. என்ற இன்னொரு தரச்சான்று நிறுவனம் சான்று கொடுத்த சில போக்கிமான் அட்டைகளில், வண்ண அச்சு இயந்திரங்கள் தாளில் பதிக்கும், கண்ணுக்கு எளிதில் படாத மஞ்சள் புள்ளிகளைச் சேகரிப்பாளர்களே தேடிப் படித்தார்கள். அந்தப் புள்ளிகள் 2024-ஆம் ஆண்டைக் காட்டின. முத்திரை நிறுவனம் கோட்டைவிட்டதை ஆர்வலர்களின் பொறுமை கண்டுபிடித்தது. போலி செய்தவனின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. இழப்பு எப்போதும் நம்பி வாங்கிய கடைசி ஆளின் தலையில் விழுகிறது என்பதுதான் இதில் தெரிகிறது.

மறுதரப்பு விளையாடுகிறவர்கள். இவர்களுடைய வாதம் ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டில் வளர்ந்தது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-ல் வந்த விளையாட்டு அது. அதன் தொடக்க அட்டைகளில் சிலவற்றை இனி ஒருபோதும் மறு அச்சு செய்வதில்லை என்று நிறுவனம் 1996-ல் வாக்குக் கொடுத்தது. சேகரிப்பவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ‘பிளாக் லோட்டஸ்’ போன்ற அட்டையை வைத்து விளையாட நினைத்தவன் பல லட்சம் ரூபாய் தேட வேண்டியதாயிற்று. அதனால் நண்பர்கள் வட்டத்தில் வெள்ளைத் தாளில் அட்டையின் பெயரை எழுதி உறைக்குள் செருகி ஆடுவது வழக்கமானது. ‘பிராக்ஸி’ என்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் அது கூடாது, வீட்டில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்வதில் தங்களுக்கு அக்கறை இல்லை என்று நிறுவனமே 2016-ல் சொல்லிவிட்டது. பிறகு 2022-ல் அதே நிறுவனம் முப்பதாவது ஆண்டு நிறைவுக்காக, போட்டியில் செல்லாத, பின்பக்கம் மாற்றப்பட்ட மறு அச்சு அட்டைகளை நான்கு பொட்டலம் 999 டாலர் என்று விற்றது. பொட்டலத்துக்கு 15 அட்டை. செல்லாத அட்டையை அந்த விலைக்கு நிறுவனமே விற்ற பிறகு, தாளில் எழுதி ஆடுகிறவனைக் குறை சொல்லும் தகுதி அதற்கு வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

அப்படியானால் சாமல்பட்டிப் பத்து ரூபாய் உறையும் பிராக்ஸிதானே, ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டைத் திறந்துவிடுகிறது அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நானும் அந்தப் பக்கம் சாய விரும்புகிறவன்தான். ஆனால் அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை. இந்த உறைகளை வைத்து அந்த விளையாட்டை ஆடவே முடியாது. ஆற்றல் அட்டைகள் இருக்காது. அடிநிலைப் போக்கிமான் இல்லாமல் வளர்நிலை மட்டும் வரும். தாக்குதலின் விளக்கம் பாதியில் நிற்கும், அல்லது வேறோர் அட்டையின் விளக்கம் இங்கே ஒட்டியிருக்கும். பிராக்ஸி என்பது அசலின் விதியை அப்படியே எடுத்து, அசலின் தோற்றத்தை விட்டுவிடுவது. கடைச் சரத்தில் தொங்குவது தோற்றத்தை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டது.

பிள்ளைகள் அதற்காகச் சும்மா இருப்பதில்லை. தாங்களே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். முன்பு மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, வெற்றி என்று ஒப்பிட்டு ஆடியதைப் போல, எச்.பி. எண்ணைப் ‘பவர்’ என்று சொல்லி ஒப்பிடுகிறார்கள். பெரிய எண் வைத்திருப்பவன் எதிராளியின் அட்டையை எடுத்துக்கொள்வான். நல்ல விளையாட்டு. நினைவு வேண்டும், துணிச்சல் வேண்டும், எந்த அட்டையை எப்போது இறக்குவது என்ற கணக்கு வேண்டும். அசல் அட்டைகளோடு ஆடினால் இதில் ஏற்ற இறக்கம் இருக்கும். 40 உண்டு, 70 உண்டு, 120 உண்டு, பிற்காலத்து வி-மேக்ஸ் வகையில் 340 வரை உண்டு. போலி அச்சிடுபவருக்கு நாற்பது விற்காது. அதனால் உறைக்குள் எல்லாமே தங்கம், எல்லாமே வி-மேக்ஸ், எல்லாமே முந்நூறுக்கு மேல். சிலவற்றில் எந்தத் தொகுப்பிலும் இல்லாத எண்களே அச்சாகியிருக்கும். பலவீனமான அட்டை இல்லாத சீட்டுக்கட்டில் பலமான அட்டைக்கு என்ன பொருள்? கடைசியாக உறை வாங்கியவன் ஜெயிக்கிறான். நேற்று வாங்கியவன் இன்னொரு பத்து ரூபாய்க்கு வீட்டுக்கு ஓடுகிறான். இந்தப் போலியின் மிகப் பெரிய குறை இதுதான். நிறுவனத்தின் வருமானத்தைவிட எனக்கு இது முக்கியம். பிள்ளைகள் தாங்களே செய்துகொண்ட விளையாட்டை அது அழிக்கிறது.

நன்மையையும் சொல்ல வேண்டும். இந்த அட்டைகள் இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் தமிழ் பேசும் போக்கிமான்கள் திரையோடு நின்றுபோயிருக்கும். அட்டை வந்ததும் பிள்ளை அதைத் தொடுகிறது, மாற்றுகிறது, வரிசைப்படுத்துகிறது, பார்த்து வரைகிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் பள்ளி மைதானத்தில் பேரம் பேசப் பொதுவான சரக்கு கிடைக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டிப் பெயர்களைப் படிக்கிறார்கள், பெயரே தப்பாக அச்சாகியிருந்தாலும். சேகரிப்பதில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கு அசல் போலி வேறுபாடு கிடையாது. அதை மறுப்பவர்கள் தங்கள் சிறுவயதை மறந்தவர்கள்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் நல்ல அளவுகோல் ஒன்று கைவசம் இருக்கிறது. ஓசூரில் வண்டி செய்கிறார்கள், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். இங்கே எந்த மெக்கானிக் கடையிலும் கம்பெனி ஸ்பேர் போடவா, லோக்கல் போடவா என்று கேட்பார்கள். லோக்கல் போடுவதில் யாருக்கும் வெட்கமில்லை. விலை குறைவு, எவ்வளவு நாள் உழைக்கும் என்பது இருவருக்கும் தெரியும். லோக்கல் பிரேக் ஷூவைக் கம்பெனி அட்டைப்பெட்டியில் போட்டுக் கம்பெனி விலை வாங்கினால் அது மோசடி. சரியாகப் பொருந்தாத பிரேக் ஷூவை எந்த விலைக்கு விற்றாலும் அது தவறு. அட்டைக்கும் இந்த இரண்டு கேள்விகள் போதும். எதுவென்று சொல்லி விற்கிறாயா? அதைக் கொண்டு வேலை நடக்குமா? தாளில் எழுதிய பிராக்ஸி இரண்டிலும் தேறுகிறது. தரச்சான்று உறைக்குள் வைத்த கள்ள அட்டை முதல் கேள்வியில் தோற்கிறது. நம் கடைச் சரம் முதல் கேள்வியில் பாதி தேறுகிறது, விலையே உண்மையைச் சொல்லிவிடுவதால். இரண்டாவதில் முழுவதும் தோற்கிறது.

சட்டம் இந்த நுணுக்கத்துக்குள் போவதில்லை. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி போலிக் குறியிட்ட சரக்கை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. போலீஸ் சோதனைக்கு முன் வணிகக் குறிப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. இந்த ஏற்பாடு அச்சகத்தையும் மொத்த வியாபாரியையும் பிடிக்கத்தான் பொருத்தம். சரத்தில் இருபது உறை தொங்கவிடும் பாட்டியம்மாவின் கடையில் தொடங்கினால் அது நியாயமாகாது. சரக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரிய வாய்ப்பில்லை.

உண்மையில் ஆபத்து வேறிடத்தில் உருவாகிறது. இதே அட்டைகளை வைத்திருந்த பையன் பெரியவனாகிப் பெங்களூருக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறான். அங்கே அசல் அட்டை விற்கும் கடைகளும், ஆண்டுதோறும் கூடும் காமிக் கான் போன்ற திருவிழாக்களும் இருக்கின்றன. பழைய அட்டை லட்சக்கணக்கில் போகிறது என்று கேள்விப்பட்டு, கையில் இருப்பதை விற்கப் பார்க்கிறான், அல்லது இன்னொருவன் காட்டுவதை நம்பி முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறான். சோதிக்கும் வழிகள் கடினமானவை அல்ல. அசல் அட்டையில் இரண்டு தாளுக்கு நடுவே கருமையான அடுக்கு ஒன்று உண்டு. கைபேசி டார்ச்சைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் எளிதில் ஊடுருவாது. போலியில் பளிச்சென்று தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் ரோஜா இதழ்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும், எழுத்தின் கருப்பு விளிம்பு கூர்மையாக நிற்கும். கிழித்துப் பார்ப்பது இன்னொரு வழி. இதை மட்டும் தயவுசெய்து ஒரு பிள்ளையின் கண் முன்னால் செய்யாதீர்கள். உன் அட்டை பொய் என்று நிரூபிப்பதற்காக அதைக் கிழிக்க எந்த மாமாவுக்கும் உரிமை இல்லை.

நிறுவனத்தின் பங்கையும் பேசாமல் முடியாது. அசல் பொட்டலமும் உள்ளே என்ன என்று காட்டாமல் விற்கப்படுவதுதான். அரிய அட்டை வரும் வரை வாங்கத் தூண்டுவது சூதாட்டம் என்று அமெரிக்கப் பெற்றோர் 1999-லேயே வழக்குப் போட்டார்கள். பெட்டிக்கடை உறை அந்தப் பழக்கத்தைத்தான் பிரதி எடுத்திருக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது மொழி. 2019-ல் தாய்லாந்து மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் போக்கிமான் அட்டைகள் அதிகாரபூர்வமாக வந்தன. தமிழிலோ இந்தியிலோ வரவில்லை. அனிமே தொடருக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைத்த மொழியில் அட்டைக்கு நூறு வரி எழுத ஆள் கிடைக்காதா? தாக்குதல் விளக்கம் தமிழில் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை விதியைப் படித்து உண்மையான ஆட்டத்தை ஆடும். அறுபது அட்டை கொண்ட, பளபளப்பு ஏதுமில்லாத, என்ன இருக்கிறது என்று வெளியிலேயே எழுதிய தயார்க்கட்டு ஒன்றை ஒரு குடும்பம் தாங்கும் விலையில் கொண்டுவந்தால் தங்கச் சரத்தின் வியாபாரம் பாதியாவது படுத்துவிடும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண அட்டையை 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவில் வெட்டி, விதியை வாத்தியாரோ அண்ணனோ தமிழில் எழுதிக் கொடுத்து, படத்தைப் பிள்ளையே வரைந்து, கீழே ஓவியர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். நாற்பது எச்.பி. பிக்காச்சு, இருபது ஆற்றல் அட்டைகள் என்று பலவீனமும் பலமும் கலந்து அறுபதை முடிக்க ஒரு கோடை விடுமுறை தாராளமாகப் போதும்.