ஆஃப் பண்ணியாச்சா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் பக்கம் கடை அடைக்கும் நேரத்தில் நின்றால், ஒரே சொல் மூன்று மொழிகளில் காதில் விழும். துணிக்கடைக்காரர் உள்ளே பார்த்து, "தம்பி, பின்னால ஃபேன ஆஃப் பண்ணிட்டியா?" என்பார். கல்லாவில் இருக்கும் மலாய்ப் பெண்ணிடம் "அடிக், ஆஃப்கான் லம்பு" என்பார். ஏர்கோன் ஏன் இன்னும் ஓடுகிறது என்று பக்கத்துக் கடைச் சீன அம்மா கேட்டால், "ஆஃப் ஆல்ரெடி, ஆண்டி" என்று பதில் வரும். தமிழ் 'பண்ணு' சேர்த்தது, மலாய் 'கான்' ஒட்டியது, பினாங்கு ஆங்கிலம் எதையும் சேர்க்காமல் 'ஆஃப்'பையே வினையாக்கிக்கொண்டது. 'டர்ன்', 'சுவிட்ச்' இரண்டும் மூன்றிலும் இல்லை.

இதைத்தான் பள்ளிகளில் பிழை என்று சிவப்பு மையால் வட்டமிடுகிறார்கள். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசுவதற்கென்று அரசே ஓர் இயக்கம் தொடங்கியது. இங்கே அப்படி ஒன்று வேண்டியிருக்கவில்லை, ஆசிரியரின் பேனாவே போதுமானதாக இருந்தது. அந்தச் சிவப்பு வட்டம் எவ்வளவு தூரம் நியாயம் என்பதை ஒருமுறை நிறுத்து நிதானமாக எடைபோட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்டு தயங்குவதில் அதற்கும் ஒரு பங்கு இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதல் குற்றச்சாட்டு சோம்பல். வினையைச் சொல்லச் சோம்பல்பட்டு வாலை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது. சோம்பல் என்றால் அது எங்கும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும். நம் பேச்சைக் கவனித்தால் அப்படி வெட்டவில்லை. 'டர்ன் ஆஃப்' நம் வாயில் 'ஆஃப்' ஆகிறது. 'டிராப் ஆஃப்' ஆவதோ 'டிராப்': "என்னைக் கொம்தார்ல டிராப் பண்ணிடுங்க அங்கிள்." இங்கே விழுந்தது 'ஆஃப்' என்ற சிறுசொல், நின்றது வினை. 'பிக் அப்' இரண்டையும் வைத்துக்கொண்டு 'பிக்கப் பண்ணு' ஆகிறது. 'கிவ் அப்' முழுசாக 'கிவ் அப் பண்ணாதே' என்றுதான் வருகிறது.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. விளக்கை அணைக்கும்போது 'டர்ன்' பொருளில்லாத சொல். எதையும் திருப்பாமல் பொத்தானை அழுத்துகிறோம், பொருள் முழுதும் 'ஆஃப்'பில் இருக்கிறது. 'டிராப் ஆஃப்'பில் இறக்கிவிடும் வேலையை 'டிராப்' தனியாகவே செய்துவிடுகிறது. 'பிக்' மட்டும் சொன்னால் தேர்ந்தெடு என்றாகிவிடும், 'கிவ்' மட்டும் சொன்னால் கொடு என்றாகிவிடும். அதனால் அவை இரண்டும் பிரியவில்லை. பொருள் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கிறார்கள், இலக்கணப் புத்தகம் திறக்காதவர்கள். இதைச் சோம்பல் என்று சொல்ல மனம் வரவில்லை.

சுவிட்சில் 'ஆன்', 'ஆஃப்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புதான். அந்த இரண்டு சொற்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் 'டிராப்' எந்தச் சுவிட்சிலும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, சிறுசொல்லை வினையாக்குவது ஆங்கிலத்துக்கே அந்நியம் என்பது. இது நிற்காது. விலையை ஏற்றினால் 'அப் த பிரைஸ்' என்று ஆங்கிலேயரே சொல்கிறார்கள். ஒரே மடக்கில் குடித்ததை 'டவுன்ட்' என்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி 'டவுன் டூல்ஸ்' என்கிறான். அகராதியே ஏற்றுக்கொண்ட வழக்குகள் இவை.

ஆனால் இதே எடுத்துக்காட்டுகள் நம் பக்கத்துக் குறை ஒன்றையும் காட்டிக்கொடுக்கின்றன. ஆங்கிலேயரின் 'அப்', 'டவுன்' இரண்டும் 'அப்ட்', 'டவுன்ட்' என்று காலம் காட்டும். நம் 'ஆஃப்' பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. 'ஃபேன் ஆஃப் ஆல்ரெடி' என்றால் யாரோ அணைத்தார்களா, முன்பே நின்றிருந்ததா என்று தெரியாது. மலாயின் 'சுடா'வைப் போல 'ஆல்ரெடி' அந்த ஓட்டையைப் பாதி அடைக்கிறது, முழுதாக அடைக்கவில்லை. கடையில் இது பெரிய நட்டமில்லை. விபத்தைப் பற்றி எழுதும் அறிக்கையில், மின்சாரத்தை யார் எப்போது நிறுத்தினார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், நட்டம்தான். எழுத்தில் 'சுவிட்ச்ட் ஆஃப்' தேவை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இது. கௌரவம் அதற்குக் காரணமாகாது.

சிறுசொல்லை விடுவது போலவே, வேண்டாத இடத்தில் சேர்ப்பதும் உண்டு. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. 'வாய்ஸ் அவுட்' மலேசியாவில் தினமும் கேட்பது. 'ஸ்பீக் அவுட்', 'ரீட் அவுட்', 'கிரை அவுட்' எல்லாவற்றிலும் உள்ளிருப்பதை வெளியே கேட்கச் செய்வது 'அவுட்'தான். அந்த வரிசையில் 'வாய்ஸ் அவுட்' இயல்பாக உட்காருகிறது. தேர்வுத்தாளில் மதிப்பெண் போகலாம், மொழி உணர்வில் குறையில்லை. 'கோப் அப் வித்' அப்படியல்ல. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' இவற்றின் சாயலில் ஒட்டிக்கொண்ட 'அப்' அது, எந்தப் பொருளும் தரவில்லை. அதைத் திருத்துவதே சரி. 'ரிட்டர்ன் பேக்'கில் 'பேக்' கூடுதல்தான், ஆனால் 'மீட் அப்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அந்த 'அப்'பும் பெரும்பாலும் கூடுதல்தான் என்பதால் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

சரி, பிழை எங்கேதான் இருக்கிறது? யாரும் தவறாகப் புரிந்துகொள்ளாத 'ஆஃப் த லைட்'டில் இல்லை. 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' மூன்றையும் குழப்பும் இடத்தில் இருக்கிறது. கூட்டத்தைத் தள்ளிவைப்பதும் தீயை அணைப்பதும் தொல்லையைப் பொறுப்பதும் ஒன்றாகிவிட்டால் அது உண்மையான விபத்து. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதி முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் சேரும் இந்த இடத்தில்தான் வெளிநாட்டார் மிகவும் தடுமாறுகிறார்கள் என்று சொல்லி வைத்தார்.

தடுமாற்றத்துக்கு அஞ்சுகிறவர்கள் ஒதுங்கிப்போவார்கள். சீன மாணவர்களை வைத்து லியாவோவும் ஃபுகுயாவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இடைநிலை மாணவர்கள் இத்தகைய வினைகளைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினையைத் தேடுவதைக் காட்டியது. நம் பிள்ளைகளின் கட்டுரையிலும் 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்குயிஷ்' என்றுதான் இருக்கும். தவறில்லை, உயிரும் இல்லை. 'ஆஃப்'புக்கு வட்டம் வாங்கிய பிள்ளை அடுத்த முறை 'புட் ஆஃப்' பக்கமே போகாது.

வினையும் சிறுசொல்லும் சேர்ந்த இந்தக் கூட்டுவினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதும் பாதி வழிதான். கார்ட்னரும் டேவிஸும் 2007இல் பிரிட்டிஷ் தேசியச் சொற்தொகுப்பை ஆராய்ந்தபோது, அதிகம் வழங்கும் 100 கூட்டுவினைகளே மொத்தப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் வருவதைக் கண்டார்கள். ஆனால் அந்த நூற்றுக்கும் 559 பொருள்கள், சராசரியாக ஒன்றுக்கு ஐந்துக்கு மேல். கார்னியேயும் ஷ்மிட்டும் 2015இல் 150 வினைகளை எடுத்து, அதிகம் வழங்கும் 288 பொருள்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அது ஒரு பள்ளிப்பருவத்துக்குள் அடங்கும் சுமை. 2018 முதல் நம் தொடக்கப் பள்ளிகளுக்கும் இடைநிலைப் பள்ளிகளுக்கும் வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கில நூல்கள் வந்தன. எந்த நூல் வந்தாலும், அத்தகைய பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கற்பிப்பதை ஆசிரியர்கள் கையில் எடுக்கலாம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சாவி கையிலேயே இருக்கிறது. தின்று தீர்த்தான், எழுதித் தள்ளினாள், சொல்லி வைத்தார், உடைத்துப் போட்டான். முதல் வினை செயலைச் சொல்ல, இரண்டாவது அந்தச் செயல் எப்படி முடிந்தது, என்ன மனநிலையில் நடந்தது என்று காட்டுகிறது. இ. அண்ணாமலை 1985இல் இந்தத் துணைவினைகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'பர்ன் அப்' மூன்றிலும் உள்ள 'அப்' நம் 'தீர்' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. தின்று தீர், செலவழித்துத் தீர், எரிந்து தீர் என்று ஒருமுறை காட்டிவிட்டால், மேலே போவதற்கும் தின்பதற்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளை விழிக்காது. 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ள பினாங்கு மாநிலத்தில் ஆங்கிலப் பாடம் இதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது. 'டர்ன் த லைட் ஆஃப்' என்றும் 'டர்ன் ஆஃப் த லைட்' என்றும் சொல்லலாம், 'டர்ன் இட் ஆஃப்' என்றும் சொல்லலாம், 'டர்ன் ஆஃப் இட்' என்று மட்டும் சொல்லக் கூடாது. தின்றுக்கும் தீர்த்தானுக்கும் நடுவே செயப்படுபொருளை நுழைக்கும் பழக்கம் தமிழில் இல்லை, ஆகவே இந்த இடத்தில் நம் மொழியுணர்வு கைகொடுக்காது. சொல்லிச் சொல்லிப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

ஆகவே சிவப்பு மை 'டர்ன் ஆஃப் இட்'டில் விழட்டும், 'புட் ஆஃப்'பும் 'புட் அவுட்'டும் மாறிய இடத்தில் விழட்டும், காலம் தொலைந்த அறிக்கையில் விழட்டும். வகுப்பு முடிந்து கிளம்பும்போது "ஆஃப் த ஃபேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆசிரியர் மின்விசிறியை நிறுத்தினால் போதும்.