கேட்டபல்ட்: ஒரு சொல்லும் அதன் தமிழ்ப் பெயர்ப்புகளும்

‘கேட்டபல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் மூன்று வெவ்வேறு கருவிகளைக் குறிக்கிறது. முதலாவது, பழங்காலக் கோட்டை முற்றுகைகளில் கல்லும் அம்பும் எறிந்த போர்ப்பொறி. இரண்டாவது, சிறுவர்கள் வைத்திருக்கும், ரப்பர் கட்டிய கவட்டைக் குச்சி. மூன்றாவது, விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து விமானத்தை விரைந்து ஏவும் பொறி. தமிழில் இம்மூன்றையும் ‘கவண்’ என்றே பெயர்த்துவிடும் வழக்கம் உண்டு. ஆனால் கவண் இம்மூன்றில் எதுவும் அன்று.

கவண் என்பது எது?

கவண் ஒரு கயிற்றுக் கருவி. கயிற்றின் நடுவிலுள்ள மடிப்பில் கல்லை வைத்து, இரு முனைகளையும் பிடித்துச் சுழற்றி, ஒரு முனையை விட்டால் கல் பறக்கும். தினைப்புனம் காத்தவர்கள் கவண்கல் எறிந்து கிளிகளையும் யானைகளையும் விரட்டியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. தமிழ் விவிலியத்தில் தாவீது கோலியாத்தை வீழ்த்தியதும் கவணால்தான். அங்கு இச்சொல் மிகப் பொருத்தமானது. ஆனால் கவண் என்றாலே ரப்பர் கருவி என்று பழகிய மாணவர், தாவீதின் கையிலும் அதையே கற்பனை செய்துகொள்வார். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தது 1839இல். அதன் பிறகே இந்த விளையாட்டுக் கருவி பரவ முடிந்தது.

வேறுபாடு எங்கே?

கவணில் விசை தருவது சுழலும் கை. கேட்டபல்ட்டில் விசை முதலில் சேமிக்கப்பட்டு, பின் ஒரே நொடியில் விடுவிக்கப்படுகிறது. கி.மு. 399இல் சிராக்கூசின் ஆட்சியாளர் முதலாம் டயோனிசியஸ் கைவினைஞர்களைத் திரட்டியபோது இப்பொறி உருவானதாக டயடோரஸ் எழுதுகிறார். தொடக்கத்தில் அது பெரியதொரு வில்தான். பிறகு முறுக்கிய நரம்பிலும் மயிர்க்கயிற்றிலும் விசையைச் சேர்த்தனர். இலத்தீனில் ‘கட்டபுல்டா’ அம்பெறிவதையும் ‘பலிஸ்டா’ கல்லெறிவதையும் குறித்தன. பிற்காலத்தில் ‘பலிஸ்டா’ அம்பெறியும் பொறிக்குப் பெயராயிற்று. ஆகவே, சொல்லின் பொருள் மாறுவது ஆங்கிலத்துக்கோ தமிழுக்கோ மட்டும் உரியதன்று.

சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் பொறிகளுள் கவணையும் சொல்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், அடைக்கலக் காதையில் கல்லை உமிழும் கவண் வருகிறது. ஆனால் அதே பட்டியலில் வளைந்து எய்யும் விற்பொறி தனியே வருகிறது. இளங்கோவடிகள் பிரித்துச் சொன்ன இரண்டை நாம் ஒன்றாக்குவது முன்னேற்றமாகாது. ‘டிரெபுஷே’ என்னும் இடைக்கால ஐரோப்பியப் பொறிக்குக் கவணோடு மெய்யான உறவு உண்டு. பாரம் கீழிறங்க, மேலெழும் நெடுங்கோலின் முனையில் கவண் ஒன்றே கட்டப்பட்டிருக்கும்.

பேச்சு வழக்கு

ரப்பர் கருவிக்கு மக்கள் வழக்கில் பெயர்ப் பஞ்சமில்லை. உண்டிவில், உண்டிகோல், கவட்டை எனத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பெயர் மாறும். இலங்கைத் தமிழில் ஆங்கிலச் சொல்லே ‘கெற்றப்போல்’ என்று உருமாறி நிலைத்துவிட்டது. வில்லைப் போல இழுத்து விடுவதால் ‘உண்டிவில்’ என்பது கருவியின் இயக்கத்தையும் சரியாகச் சொல்கிறது.

கப்பலும் உவமையும்

ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலில் கேட்டபல்ட் இல்லை. முன்புறம் மேல்நோக்கி வளைந்த ஓடுதளத்தின் உதவியால் விமானங்கள் எழுகின்றன. அமெரிக்காவின் ஜெரால்ட் ஆர். ஃபோர்டு கப்பலில் மின்காந்த கேட்டபல்ட் உள்ளது. இதை ‘மின்காந்தக் கவண்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் கயிறும் கல்லுமே தோன்றும். ‘ஏவுபொறி’ என்றால் செயல் விளங்கும். ஏவுகணையோடு குழம்பாதிருக்க ‘விமான ஏவுபொறி’ எனலாம். ஒருவர் திடீர்ப் புகழ் பெற்றதைச் சொல்லும் ஆங்கில வினைக்கோ பொறியே தேவையில்லை. ‘ஒரே நாளில் உச்சிக்குப் போனார்’ என்பதே போதும்.

முற்றுகைக்குக் கல்லெறி பொறி அல்லது அம்பெறி பொறி, சிறுவர் கைக்கு உண்டிவில், கப்பலுக்கு விமான ஏவுபொறி என்று வழங்கலாம். கவண் தினைப்புனத்திலும் தாவீதின் கையிலும் இருக்கட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று தேடாமல், கருவி எப்படி இயங்குகிறது என்று பார்த்துப் பெயரிட்டால் இக்குழப்பம் நேராது.