யூத அரசு பற்றிய அறவாதம்: மூன்று புனைகதைகளில் கூற்றும் கேட்போரும்

யூத மக்களுக்கெனத் தனி அரசு ஒன்று அமைத்தல் அறமாகுமா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. இன்றும் அது முடிந்த விடை பெற்றிலது. இவ்வினாவில் இரண்டு உரிமைகள் எதிரெதிர் நிற்கின்றன. நாடுதோறும் துரத்தப்பட்ட மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளுதற்கு ஓரிடம் வேண்டும் என்பது ஒன்று. அவ்விடத்தில் வழிவழியாக உழுது வாழும் மக்கள், பிறர் செய்த கொடுமைக்குத் தாம் விலை கொடுத்தல் முறையன்று என்பது மற்றொன்று. அரசியல் நூலோர் இவ்விரண்டனையும் நிறுத்துப் பார்த்து ஒரு பக்கம் சாய்வர். இலக்கியம் இவ்வழக்கில் செய்யத்தக்கது யாது என்பதனை மூன்று புனைகதைகளின் வழி ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தியோடர் ஹெர்சல் செருமன் மொழியில் எழுதிய 'பழம்புது நாடு' (1902), ச. யிசார் எபிரேயத்தில் எழுதிய 'கிர்பெத் கிசே' (1949), கசான் கனபானி அரபு மொழியில் எழுதிய 'ஹைபாவிற்குத் திரும்புதல்' (1969) என்பன அம்மூன்று. இவற்றை அளத்தற்கு நம்மிடமே ஒரு கோல் உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர் என்னும் இரண்டனையும் தனித்தனி உறுப்புக்களாகக் கொண்டார். கூறுவார் இன்னார், கேட்பார் இன்னார் என அறிந்தன்றிப் பாட்டின் பொருளைத் துணிதல் இயலாது என்பது அவர் கருத்தாதல் வேண்டும். இக்கோல் அறவாதத்திற்கும் பொருந்துவதே. ஒரு வழக்கில் இழப்புக்கு உள்ளாவோனின் கூற்று எங்குள்ளது, அதனைக் கேட்போர் யாவர் என வினவின், அவ்வழக்கின் நேர்மை தானே புலப்படும்.

ஹெர்சல் 1896-இல் 'யூத அரசு' என்னும் சிறு நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு பாசல் நகரில் முதற் சீயோனிய மாநாட்டைக் கூட்டினார். யூதர் எத்துணைக் கலந்து வாழினும் ஐரோப்பாவில் அவர்பால் உள்ள பகை ஒழியாது என்பது அவர் கண்ட முடிபு. அது வீண் அச்சமன்று என்பதனைப் பின்னாளில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட கொடுமை காட்டிற்று. ஆகலின் அவர் வேட்கையை எளிதில் இகழ்தல் தகாது.

அவர்தம் நாவலில் வியன்னா வழக்கறிஞன் ஒருவனும், கிங்சுகோர்ட் என்னும் பிரசிய உயர்குடியினனும் தனித்தீவொன்றில் இருபது ஆண்டு கழித்தபின் 1923-இல் பாலத்தீனத்திற்கு வருகின்றனர். முன்னர்ப் பாழாய்க் கண்ட நிலம் வளநாடாய் மாறியிருக்கின்றது. பழங்குடி மக்கள் இதனால் அழிந்திலரோ எனக் கிங்சுகோர்ட் வினவுகின்றான். ரசீத் பே என்னும் அரபுப் பொறியாளர், யூதர் வரவால் தம்மவரும் வளமுற்றனர் என விடையிறுக்கின்றார். இவ்வினாவை எழுப்பியமையும், யூதரல்லாதாரை விலக்க வேண்டும் என வாதிடும் கெயர் என்பானைத் தேர்தலில் தோல்வியுறச் செய்தமையும் பாராட்டத்தக்கனவே. ஆயின் விடையைக் கூறுவார் உண்மையில் யாவர்?

1899 மார்ச்சுத் திங்களில், எருசலேம் நகரத் தலைவராகவும் ஒட்டோமான் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த யூசுப் அல்-காலிதி, பிரான்சு நாட்டுத் தலைமை ரபியாகிய சாதோக் கானுக்கு ஒரு மடல் விடுத்தார். அந்நாட்டோடு யூதர்க்குள்ள பழந்தொடர்பை அவர் மறுத்திலர். ஆனால் அங்கே மக்கள் வாழ்கின்றனர் என்பதையும், வன்மையின்றி அதனைப் பெறுதல் இயலாது என்பதையும் சுட்டிப் பாலத்தீனத்தை விட்டுவிடுமாறு வேண்டினார். மடல் ஹெர்சலின் கைக்கு வந்தது. அம்மக்களை வெளியேற்ற யார் நினைப்பார், அவர்தம் செல்வம் பெருகவே செய்யும் என அவர் மறுமொழி எழுதினார். மூன்றாண்டு கழித்து ரசீத் பே கூறுவது அம்மறுமொழியையே. மெய்யான அரபியர் ஒருவரின் கூற்று கைக்கெட்டியிருந்தும், ஆசிரியர் அதனை நீக்கிக் கற்பனை அரபியர் ஒருவரின் கூற்றை அவ்விடத்து வைத்தார். நாவலின் குறை கலைக்குறை மட்டுமன்று, அறக்குறையும் ஆகும்.

இக்குறையை யூத அறிஞருள்ளும் கண்டார் உளர். ஆகத் காம் என்னும் புனைபெயருடைய ஆசர் கின்சுபெர்க் 1891-இலேயே பாலத்தீனம் சென்று வந்து, அந்நாடு வெற்றிடமன்று என்றும், குடியேறியோர் அரபியரை இழிவாக நடத்துகின்றனர் என்றும் எச்சரித்தார். 'பழம்புது நாடு' வெளிவந்தபோது, பழைய நிலங்கள் அரபியரிடமே இருக்குமாயின் வந்தேறிய பெருந்திரளுக்கு நிலம் எங்கிருந்து வந்தது எனவும் வினவினார்.

வரலாற்று ஆவணங்களிலும் இதே நிலையைக் காணலாம். 1917-இல் வெளிவந்த பால்பர் அறிக்கை யூதரைப் பெயர் சுட்டிக் கூறிற்று. நாட்டின் பெரும்பான்மை மக்களையோ யூதரல்லாத சமூகங்கள் என எதிர்மறையால் மட்டுமே குறித்தது. 1922-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி 7,57,182 பேருள் யூதர் 83,794 பேரே. 1938 நவம்பரில் காந்தியடிகள் யூதர்பால் இரக்கம் காட்டியும் பாலத்தீனம் அரபியர்க்கே உரியது என எழுதினார். செருமானிய யூதர்க்குச் சத்தியாக்கிரகத்தை வழியாகக் கூறினார். மார்ட்டின் பூபர் 1939-இல் விடுத்த மறுப்பில், தென்னாப்பிரிக்க இந்தியர் நிலையும் வதைமுகாமில் உள்ளார் நிலையும் ஒவ்வா என்றார். இரு மக்கட்கும் அந்நாட்டில் உரிமையுண்டு, இரண்டனையும் இணைக்கும் வழி தேடல் வேண்டும் என்றார். இருவரும் சான்றோர். எனினும் அவ்வுரையாடலில் தன்மையும் முன்னிலையும் அவர்களே. அரபியர் படர்க்கையாகவே நின்றனர்.

1947 நவம்பர் 29-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை பாலத்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. ஆதரித்த நாடுகள் 33, எதிர்த்தவை 13, நடுநின்றவை 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1948 மே 14-ஆம் நாள் இஸ்ரேல் அரசு அறிவிக்கப்பெற்றது. அப்போரில் ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட பாலத்தீன அரபியர் வீடிழந்தனர்.

அப்போரில் உளவுத்துறை அலுவலராகப் பணியாற்றிய யிசார், மறு ஆண்டிலேயே 'கிர்பெத் கிசே'யை வெளியிட்டார். படைப்பிரிவொன்று அரபுச் சிற்றூரைக் கைப்பற்றி, முதியோரையும் பெண்டிரையும் குழவிகளையும் வண்டியேற்றி எல்லைக்கப்பால் அனுப்புவதே கதை. கதை கூறுவோன் அப்படைவீரருள் ஒருவன். குழவியைக் கைப்பற்றிக் கண்ணீரோடும் பெருமிதத்தோடும் நடக்கும் தாயொருத்தியைக் கண்டபொழுது, தன் முன்னோர் ஈராயிரம் ஆண்டு பட்ட நாடுகடப்பு இதுவே என அவன் நெஞ்சு உணர்கின்றது. தலைவனாகிய மோய்சே, நம் அகதிகள் இங்கு வந்து குடியேறுவர் என ஆறுதல் கூறுகின்றான். அவ்வாறுதலே அவனுக்குப் பெருந்துயராகின்றது.

இந்நூலில் அரபியர் கூற்று மிகச் சிறிது. சில மன்றாட்டுக்களும் அழுகையுமே உள. ஆயினும் ஹெர்சல் செய்ததுபோல யிசார் அவ்வாயில் தம் கருத்தை வைத்திலர். கேளாத குரலைக் கேளாததாகவே காட்டி, கேட்கவேண்டியவன் நெஞ்சின் கலக்கத்தைக் கூற்றாக்கினார். வென்றவன் கூற்றாக வந்த தன் குற்றவுணர்வு எனின் மிகையாகாது. மாறுபட்ட கருத்தும் இங்கு எண்ணத்தக்கது. அவ்வீரன் கலங்குகின்றான், ஆனால் ஏவியதை விட்டு விலகுகின்றிலன். செயலைத் தடுக்காத இரக்கம், செய்தவனுக்கே ஆறுதலாய் முடியாதோ? இவ்வையம் வலியதே. ஆயினும், 1978-இல் இக்கதையின் தொலைக்காட்சி வடிவை ஒளிபரப்புதல் பற்றி இஸ்ரேலில் பெரும்பூசல் எழுந்தது என்பதை நோக்க, அந்நூல் தந்தது ஆறுதலன்று, ஆறாத புண் என்பதே தெளிவாம்.

கனபானி 1936-இல் அக்கா நகரில் பிறந்து, பன்னிரண்டாம் அகவையில் அகதியானவர். 1972-இல் பெய்ரூத்தில் வெடிகுண்டுக்கு இரையானவர். அவர் கதையில், 1967 போருக்குப் பின் சயீதும் சபியாவும் இருபதாண்டுக்கு முன் தாம் இழந்த ஹைபா வீட்டைக் காணச் செல்கின்றனர். 1948 ஏப்பிரலில் நேர்ந்த குழப்பத்தில் கைக்குழந்தையாகிய கல்தூன் அவ்வீட்டிலேயே விடப்பட்டான். இப்பொழுது அங்கு வாழ்பவள் மிரியம். தந்தையை அவுசுவிட்சு வதைமுகாமில் இழந்த போலந்து நாட்டு யூதப் பெண். கல்தூன் அவளால் தோவ் என்னும் பெயரோடு வளர்க்கப்பட்டு, இஸ்ரேல் படையுடையில் வந்து நிற்கின்றான்.

மூன்று கதைகளுள் இருதிறத்தாரும் தன்மையும் முன்னிலையுமாக ஓரறையில் நேர்நின்று பேசுவது இங்கு மட்டுமே. மரக்கட்டைபோல் வண்டியில் எறியப்பட்ட அரபுக் குழந்தையின் பிணத்தைக் கண்டு மிரியம் அந்நாட்டைவிட்டே நீங்க எண்ணியதாகக் கனபானி எழுதுகின்றார். நாடிழந்தவர் ஒருவர், தம் வீட்டைப் பெற்றவளின் துயரையும் அவள் மனச்சான்றையும் மெய்யெனக் கொண்டு எழுதியமை அரிய செயலாகும். ஆயினும் ஒருவர் துயர் மற்றவர் துயரைக் கழித்துவிடும் என அவர் ஒப்பவில்லை. பிறன் தவறு தன் உரிமைக்குச் சான்றாகாது என்பதே சயீதின் வாதத்திற்கு உயிர்நிலை.

கதையின் இறுதி மட்டும் நம்மை இடர்ப்படுத்துகின்றது. மனிதன் குருதியால் அல்லன், கொள்கையாலேயே ஆகின்றான் எனத் தெளியும் சயீது, இளைய மகன் காலித் போராளிகளோடு சேர்ந்திருத்தல் வேண்டும் என விழைகின்றான். ஆண்டுத் தோவும் காலிதும் களத்தில் எதிர்நிற்கப் பிறந்தோர் ஆகின்றனர். பேச்சு முடிந்து படை தொடங்குகின்றது. பாலத்தீன விடுதலை இயக்கமொன்றின் செய்தித்தொடர்பாளராகவும் விளங்கிய ஆசிரியர்க்கு இம்முடிவு இயல்பே. எனினும் கேட்போனை வென்றெடுத்த அதே பக்கங்களில், கேட்டலால் பயனில்லை என்னும் துணிபும் எழுதப்பட்டமை நூலின் உள்முரணாகும்.

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவது யாதெனின், யூதர்க்குக் காப்பிடம் வேண்டும் என்னும் கோரிக்கை அறமற்றதன்று; அதன் விலையைக் கொடுத்தவனின் கூற்றைக் கேளாது அதனை நிறைவேற்றியதே அறம் பிறழ்ந்த இடம் என்பதாம். ஹெர்சல் அக்கூற்றைத் தாமே புனைந்தார். யிசார் அதன் இன்மையைக் காட்டினார். கனபானி அதனைக் கூறினார், பகைவன் கூற்றையும் உடன்வைத்தே. இலக்கியம் நாடுகளைப் பிரித்தளிக்க வல்லதன்று. படர்க்கையில் நின்றாரைத் தன்மையிலும் முன்னிலையிலும் நிறுத்த வல்லது. அது நிகழாதவரை எவ்வறவாதமும் ஒருதலை வழக்காகவே முடியும்.